அத்தைக்குப் பிடிக்காத வாத்தியங்கள்

“அத்தைக்கு லூட் பிடிக்கலையாம்,” என்றாள் லைஸ்பெத்.

ஓவியன் யோரிஸின் தூரிகை அந்தரத்தில் நின்றது. பாதிப் பூசணிக்காய் போல வயிறு பருத்த அந்த வாத்தியத்தின் கடைசித் தந்தியை அப்போதுதான் இழுத்து முடித்திருந்தான். தந்தி அதிர்வது தெரியும்படி வரைய ஹார்லெம் நகரில் அவனை விட்டால் ஆள் கிடையாது. முகங்கள்தான் அவனுக்குத் தகராறு. பெண் முகம் என்றால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காது சிவந்துவிடும். அதனால் முதலில் வாத்தியத்தை வரைந்துவிட்டு, முகத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவான்.

“ஏனாம்?”

“சாராயக்கடைப் பொம்பளைங்கதான் அதை மடியில வெச்சுக்குவாங்களாம். டோர்ட்ரெக்ட்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

நியாயம்தான். டோர்ட்ரெக்ட் ஊர்த் தானிய வியாபாரி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணுக்குச் சரி சொல்வானாம். பீர் காய்ச்சும் அவள் அப்பா கெய்ஸ்பெர்ட், மகளுக்கு முன்னால் மகளின் படத்தைப் படகேற்றத் துடித்துக்கொண்டிருந்தார்.

யோரிஸ் லூட்டைச் சுரண்டிவிட்டுக் குழல் வரைந்தான்.

“உதட்டைக் குவிச்சா முத்தம் கேக்கற மாதிரி இருக்காம்,” என்றாள் அடுத்த முறை.

யோரிஸ் தூரிகையை பீர்க் குவளையில் தோய்த்துவிட்டான். துணைக்கு வந்து மூலையில் காலுறை பின்னிக்கொண்டிருந்த வேலைக்காரி ட்ரைன் இருமினாள்.

குழல் போய், வில்லால் இழுத்து வாசிக்கும் பெரிய பிடில் மாதிரியான கம்பா வந்தது.

“முழங்காலுக்கு நடுவுல வெச்சு... ஐயோ, அத்தை சொன்னதை அப்படியே சொன்னா நீங்க மயங்கி விழுந்துடுவீங்க!”

யோரிஸ் இரவெல்லாம் யோசித்தான். கடைசியில் ஒரு பிரமாதமான வழி தோன்றியது. சுவரோரம், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வெர்ஜினல் பெட்டி, அதன் மேல் அவள் விரல்கள், முகமோ சுவரைப் பார்த்து! முகம் வரையும் தொல்லையே இல்லை.

லைஸ்பெத் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அத்தை கேப்பாங்க, மாப்பிள்ளை என்ன, முதுகையா கட்டிக்கப் போறாருன்னு.”

“கேப்பாங்களா? அவங்க இன்னும் பாக்கவே இல்லையே!”

“கேட்டுட்டாங்கன்னே வெச்சுக்குங்க.”

யோரிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. “வாத்தியமே வேணாம்மா! கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க.”

உட்கார்ந்தாள். இப்போது பார்க்க முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இடது கண்ணுக்குக் கீழே சின்ன மச்சம் இருந்தது. சிரிப்பை அடக்கும்போது அது மேலே ஏறியது. யோரிஸ் மச்சத்தை வைத்தான், அழித்தான், மறுபடி வைத்தான். காது சிவந்ததைக்கூட மறந்துவிட்டான். படம் முடியக் கூடாது என்று முதல் தடவையாக அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் முடிந்துவிட்டது.

கெய்ஸ்பெர்ட் நேரிலேயே வந்தார். படத்தை ஏற்றிப்போக வந்த படகுக்காரன் வாசலில் கத்திக்கொண்டிருந்தான்.

“மூஞ்சி அச்சு அசலா என் பொண்ணுதான். ஆனா வாத்தியம் எங்க தம்பி? அதுக்காகத்தானே உன்கிட்ட வந்தேன்?”

“நாலு வாத்தியம் போட்டேங்க. உங்க அக்கா எதையும் ஒத்துக்கலையே!”

“எந்த அக்கா? எனக்கு அக்கா தங்கச்சியே கிடையாதேப்பா!”

யோரிஸ் லைஸ்பெத்தைப் பார்த்தான். அவள் தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தாள். இந்த முறை அவள் காதுதான் சிவந்திருந்தது.

மூலையிலிருந்து ட்ரைன் காலுறையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

“படம் முடிஞ்சுட்டா இந்த மனுஷன் முன்னால உக்கார வேற சாக்கு கிடைக்காதுன்னு உங்க பொண்ணே மனசால பெத்துப் போட்ட அத்தை அது, எஜமான். படகுக்காரனைப் போகச் சொல்லுங்க!”