சும்மா ஓடுகிறவர்

கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு கிள்ளை பஸ் நடனசபாபதியின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

“ஏறுங்க சார். நிறுத்தியாச்சு, இன்னும் எதுக்கு ஓடுறீங்க?” என்றார் கண்டக்டர்.

“நான் பஸ்ஸுக்கு ஓடலைங்க.”

“பின்ன?”

“சும்மாதான்.”

விடிந்தும் விடியாத நேரம். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயது, அரைக்கால் சட்டை, பனியன், முழங்கால் வரை சேறு. இந்தக் கோலத்தில் ஒரு மனிதன் சும்மா ஓடுவான் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை.

“பாவம், இன்னா சேதி வந்துச்சோ, மூள கலங்கிப் போயிருக்காரு,” என்றாள் மீன்கூடைக்காரி ஒருத்தி. “புடிச்சு ஏத்துங்கப்பா.”

இரண்டு பேர் இறங்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை உள்ளே தூக்கிப் போட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் கண்டக்டர். கிள்ளையில் இறக்கிவிட்டு, “மனச தைரியமா வெச்சுக்குங்க சார்,” என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஆறு மைல். நடனசபாபதி ஓடியே திரும்பினார். வழியில் இரண்டு மாட்டுவண்டிகளும் ஒரு சைக்கிளும் அவரை ஏற்றிக்கொள்ளப் பார்த்தன.

எல்லாவற்றுக்கும் காரணம், தீபாவளி முடிந்த வாரம் வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். தை மாதம் இரண்டாவது ஞாயிறு சிதம்பரத்தில் கிராஸ் கன்ட்ரி பந்தயம். வயல், வரப்பு, வாய்க்கால்கரை வழியாக எட்டு மைல். நடத்துபவர்கள் கடலூரில் உள்ள ஒரு விளையாட்டுச் சங்கத்தார். முதல் மூவருக்குக் கோப்பை. பள்ளிக்கூடத்தில் ஓடியவர்தான் நடனசபாபதி. பிறகு தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அந்த நோட்டீஸைப் பார்த்ததும் கால் குறுகுறுத்தது.

ஓடத் தொடங்கிய நான்காம் நாளே அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அவர் வேகமான ஆள் இல்லை. ஆனால் பனிமூட்டத்தில் கொக்குகளோடு கொக்காக வரப்பில் ஓடும்போது, ஆபீஸ் ஃபைல் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வருவதில்லை. அது போதும் என்று இருந்தது.

பஸ் தொல்லைக்குப் பயந்து, மறுநாள் முதல் தார்ரோட்டை விட்டுவிட்டுக் கான்சாகிப் வாய்க்கால்கரையில் ஓடினார்.

அங்கே கண்ணாயிரம் இருந்தார்.

கண்ணாயிரம் மதகடியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். ஐம்பது வயது, நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் கஷ்டம். பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் மூச்சு வாங்க ஓடி வருவதைப் பார்த்ததும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

“யாரு சார் தொரத்துறது?”

“யாரும் இல்லைங்க.”

“பயப்படாதீங்க, நான் இருக்கேன். எத்தினி பேரு?”

அரை மைல் ஓடியும் துரத்துகிறவன் வராததால் கண்ணாயிரம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார். அடுத்த நாள் பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேரைத் தடிகளோடு மதகடியில் நிறுத்தி வைத்திருந்தார்.

வீட்டில் மனைவி அமராவதி சொன்னாள். “வெறுங்கையோட ஓடுனா அப்பிடித்தாங்க நெனைப்பாங்க. தோள்ல ஒரு துண்ட போட்டுக்குங்க. குளிக்கப் போறவருன்னு விட்டுடுவாங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் தோளில் துண்டோடு ஓடினார். மதகைத் தாண்டியதும், பொய் சொன்ன மாதிரி இருக்கக் கூடாதே என்று, வாய்க்காலில் இறங்கி உடுத்திய துணியோடு ஒரு முழுக்கும் போட்டார். மார்கழித் தண்ணீர். கரையேறியபோது பல் கிட்டித்துப் போயிற்று. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

எதிரே கண்ணாயிரம் நின்றார். விடிகாலையில் ஓடி வந்து, கட்டிய துணியோடு தலைமுழுகி, பேச முடியாமல் உதடு துடிக்க நிற்கும் மனிதரைப் பார்த்தார். மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ரொம்ப நெருங்குன சொந்தமா சார்?”

நடனசபாபதிக்குக் குளிரில் வாய் திறக்கவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

“எப்ப எடுக்கறாங்க?”

தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கண்ணாயிரத்துக்கு அவரைத் தாலுகா ஆபீஸில் பார்த்த ஞாபகம் உண்டு. வரப்பு வழியாக வந்த ஒரு சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு நேரே சிதம்பரம் போய், ஆபீஸ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பியூன் அய்யனாரிடம் துக்கச் செய்தியைச் சொல்லிவிட்டார்.

வெந்நீரடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வந்த அமராவதி, கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். ரோஜா மாலையோடு தலைமைக் குமாஸ்தா நின்றார். பின்னால் அய்யனார், அதற்கும் பின்னால் தெருவில் பாதி.

தலைமைக் குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க இருக்கீங்களா?”

“இல்லாம எங்க போவேன்?”

“அப்ப சார்தானா,” என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து சாயங்காலம்கூட என்கிட்ட பேனா இரவல் வாங்கினாரும்மா.”

அய்யனார் வாய்விட்டு அழ ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து, பாக்கி ஓட்டத்தையும் முடித்துவிட்டு, தெருமுனையில், நனைந்த துணியோடு, உடம்பெல்லாம் வெளுத்துப் போய், நடனசபாபதி ஓடி வந்தார்.

அய்யனார் அன்று ஓடிய வேகத்தை, நடனசபாபதி அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓடியும் எட்ட முடியவில்லை.

கூட்டம் கலைந்தது. தலைமைக் குமாஸ்தா, மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவது மரியாதையா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எடுத்துக்கொண்டே போனார்.

அமராவதி கதவைத் தாழிட்டாள்.

“இங்க பாருங்க. மூணு நிமிஷம் நான் தாலி அறுத்தவளா நின்னேன். இதுக்கு மேல என்னால ஆகாது.”

“அமராவதி, அது வந்து...”

“ஓடவே கூடாதுன்னு சொல்லலை. தை மாசப் பந்தயத்துல ஒரு கோப்பையோட வாங்க. அத தெருவுல எல்லாருக்கும் காட்டி, எம் புருஷன் இதுக்குத்தான் ஓடுனாருன்னு நான் தலை நிமிந்து சொல்றேன். அப்பறம் காலம் பூரா ஓடுங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கோப்பை இல்லேன்னா, அந்த அரைக்கால் சட்டைய கரித்துணியா வெச்சு நான் சோத்துப் பானை எறக்குவேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் நடனசபாபதி துண்டில்லாமல் மதகடிக்குப் போய், ஓடாமல் நின்றார். கண்ணாயிரத்தை உட்கார வைத்து, விளக்கமாகச் சொன்னார்.

“நான் எங்கயும் போகலை. யாரும் தொரத்தலை. யாரும் சாகலை. ஓடுறது எனக்குப் புடிச்சிருக்கு, ஓடுறேன். அவ்வளவுதான்.”

“போற எடமே இல்லியா சார்?”

“இல்லை.”

“ஓடிட்டு?”

“வீட்டுக்குத்தான்.”

கண்ணாயிரம் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “சரி சார். ஊருக்கு ஒருத்தரு இருக்கறதுதான்,” என்றார். அன்று முதல் நடனசபாபதி வந்தால் ஒதுங்கி வழி விட்டார். மற்றவர்களிடமும் சொல்லி வைத்தார். “அவர கண்டுக்காதீங்கடா. அவரு சும்மா ஓடறவரு.”

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் சுகமானவை. நெல் பழுத்துத் தலை சாய்ந்தது. நடனசபாபதிக்குத் தொப்பை கரைந்து, சட்டையில் இரண்டு விரல் இடம் வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. எட்டு மைல் ஓடி முடிப்பார், அது நிச்சயம். மூன்றாவதாக வருவது நடக்காத காரியம் என்பதும் நிச்சயம். இன்னும் இத்தனை நாள் ஓடலாம் என்று எண்ணிக்கொண்டு ஓடினார்.

பந்தய நாள் வந்தது. மைதானத்தில் பதினான்கு பேர். கடலூர், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று எல்லா ஊரிலிருந்தும் வந்த வாலிபர்கள். உள்ளூர்க்காரர் அவர் ஒருவர்தான். சங்கத்துச் செயலாளர் தாண்டவராயன் அவரைப் பார்த்து, “நீங்க யார் பையன் கூட வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

அமராவதி பட்டுப்புடவையில் பந்தலடியில் உட்கார்ந்திருந்தாள்.

விசில் ஊதியது. முதல் மைலிலேயே பதின்மூன்று பேரும் ஒரே கொத்தாக அவரை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது மைலில் அவர்கள் முதுகுகள் பனியில் மங்கின. மதகடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது முன்னால் ஒரு ஈ காக்காய் இல்லை. கரையோரத்தில் கண்ணாயிரத்தின் மண்வெட்டி மட்டும் சாய்ந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். கடைசி ஓட்டம், அவசரமில்லாமல் ஓடலாம். அறுத்த வயலின் வைக்கோல் வாசனையும் வரப்புப் பனியும் காலுக்கு அடியில் நழுவும் சேறும் இனிமேல் கிடைக்காது. பாக்கி வழி முழுவதும் அவர் ஒருவரே ஓடினார். மனசு நிறைந்திருந்தது. சோற்றுப் பானை ஞாபகம் மட்டும் நடுநடுவே வந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது தாண்டவராயன் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டில் நாடா அறுபடாமல் அப்படியே இருந்தது. இன்னொரு நாடா கட்டியிருப்பார்கள் போல என்று நினைத்து, அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றார் நடனசபாபதி.

தாண்டவராயன் காபியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

“மத்தவங்கல்லாம்?” என்றார் நடனசபாபதி.

“கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஒருத்தனும் காணோம் சார். இந்த மாதிரி ஒரு முந்தலை நான் பார்த்ததே இல்லை.”

முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. வந்தவரைக்கும் கௌரவிப்போம் என்று பெரிய கோப்பையை நடனசபாபதி கையில் கொடுத்துவிட்டார்கள். அமராவதி அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். “காலம் பூரா ஓடுங்க,” என்றாள். தெருவில் யார் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த நேரத்தில் கிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி கண்ணாயிரம் மைதானத்துக்குள் வந்தார். நடனசபாபதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இன்னா சார், காலையில மதகடியில உங்களுக்கு வழி வுட நான் இல்லாம போயிட்டேன்.”

“அதனால என்ன. எங்க போயிட்டீங்க?”

“அத ஏன் கேக்கறீங்க. ஒருத்தரு சும்மா ஓடலாம், பதிமூணு பேரு சேந்து சும்மா ஓடுவாங்களா? பாவம், கடலூர் வண்டிக்குத்தான் இப்பிடி ஓடுறாங்கன்னு, குறுக்கு வழியில கிள்ளை ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயி, வேணாம் வேணாம்னு கூச்சப்பட்டவங்கள எல்லாம் ஒருத்தர் பாக்கியில்லாம ரயில்ல ஏத்தி வுட்டுட்டுத்தான் வர்றேன் சார்.”