ஒழுகாத அறை

மழையை மனிதன் வென்றது 1986ஆம் ஆண்டு, கந்தப்பளைக்கு மேலே, குயில்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில். உலகம் இதை இன்னும் கொண்டாடவில்லை என்றால், அது உலகத்தின் அறியாமை.

வென்றவர் பெரிய கிளாக்கர் ஞானரட்ணம். கொழும்பிலிருக்கும் கொம்பியூட்டரைத் தோட்டத்திலிருந்தே வேலை வாங்கும் ‘அதிகாரம்’ அவருக்கு அருளப்பட்டிருந்தது. டெலிபோன் கம்பியில் பூட்டிய மெஷினில் அவர் இங்கே கட்டளையைத் தட்டுவார். அங்கே அது சிந்திக்கும். பதில் இங்கே கடகடவென்று காகிதமாகக் கொட்டும். கொட்டியதில் ஒரு துண்டுகூடத் தவறாமல் தோட்டத்திலேயே பாதுகாக்க வேண்டும் என்பது மேலிட உத்தரவு. தட்டுமுன் ஞானரட்ணம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அந்தப் பக்கம் இருப்பது கொழும்பல்லவா!

அப்படியொரு புனித வேளையில்தான் கொழுந்தெடுக்கும் காளியாயி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து நனைந்த கம்பளியோடு வாசலில் வந்து நின்றாள்.

“கிளாக்கரய்யா, லயத்துல எங்க காம்பரா ஒழுகுதுங்க. மக பச்சப்புள்ளயோட ஒக்கார எடமில்லாம நிக்குதுங்க.”

“பொறு, கேட்டுடுவோம்.” பொத்தானைப் போட்டார், தட்டினார், படித்தார். “கூரைக்குத் தகரம் அனுப்பியாச்சாம். ஆகவே ஒழுகலயாம்.”

“ஒழுகுதே சாமி! வந்து பாருங்க.”

“நான் பாத்தா அது வெறும் அபிப்பிராயம். இது சொன்னா ‘தகவல்’!”

“அது எங்க காம்பராவுக்கு எப்ப வந்து பாத்துச்சுங்க?”

“வராமலே தெரியிறதுதான் விஞ்ஞானம். போ.”

தகரம் வந்தது மெய்தான், ஸ்டோரில் அடுக்கியிருந்தது. அதற்குள் ஒரு பேரிடர்! பதில்களைக் குவித்து வைத்திருந்த அறைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. ‘ஒழுகல் இல்லை’ என்ற காகிதத்தின் மேலேயே விழுந்தது. ஞானரட்ணம் பதறிப்போனார். மாலைக்குள் லயத்துக்கு வந்த தகரமெல்லாம் அந்த அறையின் மேல் ஏறிவிட்டது. லயம்தான் ஒழுகவில்லையே, அதற்கெதற்குத் தகரம்?

மறுநாள் அடைமழை. காகிதங்களின் நலம் விசாரிக்க ஓடினார். கட்டுகளின் மேல் பாய் விரித்துக் காளியாயியின் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள், மார்பில் குழந்தையோடு. பக்கத்தில் காவலுக்குக் காளியாயி. மேல் கட்டு மட்டும் ஈரம். கூரையின் மேல் பழியில்லை. அது குழந்தையின் கைங்கரியம்.

“ஏ காளியாயி! இதெல்லாம் நனைஞ்சா யாரு பொறுப்பு?” என்று அலறினார்.

“மெதுவா பேசுங்கய்யா, புள்ள எந்திரிச்சிரும்,” என்றாள் அவள். “புள்ள நனைஞ்சா யாரு பொறுப்புன்னு கொழும்புல ஒரு தடவ கேளுங்க. வர்ற பதில இங்கயே வச்சிக்கங்க. அது நனையக்கூடாதுன்னுதானே எங்க கூரைக்கு வந்த தகரத்த புடுங்கி இங்க போட்டிருக்கீங்க.”