நேராகப் போகிறவனுக்கு விளக்கு இல்லாத வண்டி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பிக்கப் வண்டி எங்கள் எல்லோரையும்விடச் சௌக்கியம். மழையில் நனையாமல் வெயிலில் காயாமல் தகரக் கொட்டகைக்குக் கீழே ராஜா மாதிரி நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நீங்களும் என் மகளும் போனை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே நீங்க வண்டியைத் தொட வேண்டாம், நாங்களே ஒரு நல்ல டிரைவரா பார்த்து அனுப்பி வைக்கிறோம்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். மேல்முறையீடு செய்கிறேன். டிரைவர் வேண்டாம். இந்த வண்டியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து இதை ஓட்டிக்கொண்டு போங்கள். உங்கள் நண்பருடைய ஷெட்டில் சும்மா நிற்கிறதே என் பழைய வண்டி, அதைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கடை வைத்த நாளிலிருந்து என் கடைச் சரக்கை நானே ஏற்றி, நானே ஓட்டி, நானே இறக்கியிருக்கிறேன். ஆளுயர நிலைக்கண்ணாடியை ஒரு கீறல் இல்லாமல் மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவனைக் கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விடச் சொல்கிறீர்கள். அதைவிட நீங்கள் நேராகவே, "மாமா, நீங்க கிழவனாயிட்டீங்க" என்று சொல்லியிருக்கலாம். மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் வண்டியின் அருமை பெருமைகளை வரிசையாக எழுதுகிறேன். டெலிவரி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் டை கட்டிய ஒரு மனிதர் வந்தார். ஏலம் விடுகிறவர்கூட நடுவில் மூச்சு விடுவார், இவர் விடவில்லை. "சார், இதுல எல்லாமே ஆட்டோமேட்டிக். நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்" என்றார். சும்மா உட்காருவதற்கு எனக்கு வீட்டில் நாற்காலி இருக்கிறது. அப்புறம் கையேடு என்று ஒரு தலையணையைத் தூக்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை. வண்டியை எப்படி ஓட்டுவது என்று எங்கேயும் காணோம், ஓட்டினால் என்னென்ன கேடு வரும் என்பதை மட்டும் ஆசை ஆசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாவி கிடையாதாம், பொத்தானை அமுக்க வேண்டுமாம். ஆனால் சாவி பையில் இருக்க வேண்டுமாம். இருக்கிற சாவியை நுழைக்க ஒரு ஓட்டை போட்டால் என்ன குறைந்துவிடும்? கிளட்ச் கிடையாது. என் இடது காலுக்கு அதை யார் சொல்வது? அது பாவம், இத்தனை வருஷப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதித்துவிட்டது. கடைத்தெரு நடுவில் வண்டி குத்துக்கல்லாக நின்றது. என்னோடு வந்து கண்ணாடி மாட்டிக் கொடுக்கிற ஃபிட்டரை உங்களுக்குத் தெரியும், வாயை மூடவே மாட்டான் என்பதால் மௌனம் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே, அவன்தான். நெற்றியைத் தடவிக்கொண்டே, "அண்ணே, கண்ணாடியைக் கட்டின மாதிரி என்னையும் கயிறு போட்டுக் கட்டிடுங்க" என்றான். ஹேண்ட் பிரேக்கும் கிடையாது, அதற்கும் ஒரு பொத்தான்தான். ஹேண்ட் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். மேட்டுத் தெருவில் வண்டியை நிறுத்தி, பழக்க தோஷத்தில் கையைக் கீழே விட்டு விசுக்கென்று இழுத்தேன். பாட்டில் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கடைக்காரர் தனக்குத்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறேன் என நினைத்து, "இப்பத்தான் குடிச்சேன்" என்று சைகை காட்டினார்.

டேஷ்போர்டுக்கு வருகிறேன். என் பழைய வண்டியில் மொத்தம் மூன்று முள். அதில் இரண்டு செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது, மூன்றாவது தனக்குத் தோன்றினால் ஆடும். எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதை டேங்கைத் தட்டித் தெரிந்துகொள்வேன். எஞ்சின் சூட்டை மூக்கு சொல்லும். பின்னால் கண்ணாடி கட்டு தளர்ந்தால் காது சொல்லும். இந்த வண்டியில் கதவைச் சாத்தினால் வெளியுலகமே செத்துப்போன மாதிரி இருக்கிறது. பின்னால் கண்ணாடி முனகினால் கேட்பதில்லை, ஆனால் முன்னால் இது ஓயாமல் கீச்சுக் கீச்சென்று கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கிறது. பக்கத்து சீட்டில் பசை டப்பாவை வைத்தால், பெல்ட் போடாமல் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று கத்துகிறது. வேறு வழியில்லாமல் டப்பாவுக்குப் பெல்ட் போட்டு ஊரைச் சுற்றி வந்தேன். மௌனம் அன்றைக்குப் பூராவும் அதை "சார்" என்றுதான் கூப்பிட்டான்.

ஒருநாள் மஞ்சள் நிறத்தில் ஒரு பானை எரிந்தது, நடுவில் ஆச்சரியக்குறியோடு. அரை நாள் யோசித்தேன். எண்ணெயா, தண்ணீரா, அடுப்பா? உங்கள் அத்தை அந்தக் கையேட்டுத் தலையணையைப் புரட்டிப் பார்த்து, "டயர்ல காத்து கம்மியாம்" என்றாள். டயருக்கும் பானைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "அது பானை இல்லைங்க, டயரைக் குறுக்கே வெட்டின மாதிரி" என்றாள். டயரைக் குறுக்கே வெட்டி எவன் பார்த்திருக்கிறான்? இன்னொரு நாள் ஒரு கோப்பை, அதிலிருந்து ஆவி பறக்கிறது. சரி, நல்ல மனசு, காப்பி குடிக்கச் சொல்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது உபசாரம் இல்லை, எனக்குத் தூக்கம் வருகிறதாம், நான் சோர்ந்துவிட்டேனாம், இறங்கி ஓய்வெடுக்க வேண்டுமாம். ஒரு கொட்டாவி விட்டதற்கு இத்தனை பேச்சு. உங்கள் அத்தைக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னாத்தான் கேட்க மாட்டீங்க, வண்டி சொல்றதையாவது கேளுங்க" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குச் சொல்லி வந்த புத்திமதியெல்லாம் இப்போது ஒரு இயந்திரத்தின் வாயிலிருந்தும் வருகிறது. அவள் அதற்குத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைத்து விடுகிறாள். கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்தது ஸ்டியரிங். சாலையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால் இது என் கையிலிருந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கிறது. முதல் தடவை நான் பயந்தே போய்விட்டேன், நீங்கள்தான் அங்கிருந்து போனில் ஓட்டுகிறீர்களோ என்று. எங்கள் பக்கத்துச் சாலை உங்களுக்குத் தெரியாததா? கோடு போட்டவன் அப்போது என்ன நிலைமையில் இருந்தானோ, நேராக வந்து பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறிப் போகிறது அந்தக் கோடு. நான் பின்னால் கண்ணாடியை வைத்துக்கொண்டு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டுகிறேன். இது, இல்லை, கோட்டோடு வந்து பள்ளத்தில் விழு என்கிறது. நான் வலப்பக்கம், அது இடப்பக்கம். மல்லுக்கட்டிக்கொண்டே தெருமுனை வரை போனோம். பார்த்தவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஊரில் எல்லோரும் விலகிப் போகிற பள்ளம் இதன் கண்ணுக்குத் தெரியாது, எவனோ கிறுக்கின கோடு தெரியும். இதற்குப் பெயர் அறிவுள்ள வண்டியாம்.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்தது. உங்களுக்கு அந்த அவசர உதவிப் பெண்மணி சொன்ன கதை ஒன்று, நடந்தது வேறு. நாற்சந்தியில் இடது பக்கம் திரும்புகிறவன் இடது விளக்கைப் போடுகிறான், வலது பக்கம் திரும்புகிறவன் வலது விளக்கைப் போடுகிறான். நேராகப் போகிறவன் நாலு விளக்கையும் போடுவான். என்னோடு தொழில் பழகினவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். பழைய வண்டியில் அதற்கென்றே நான் தனி சுவிட்சு மாட்டி வைத்திருந்தேன். இந்த வண்டியில் அது ஒரு சிவப்பு முக்கோணம். அதன் பக்கத்திலேயே இன்னொரு சிவப்புப் பொத்தானையும் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். சிக்னல் விழுந்த அவசரத்தில் கை அதன்மேல் பட்டுவிட்டது. உடனே டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், அவசர உதவி மையம். விபத்து ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லைம்மா. நேரா போறேன்."

"சார், உங்களுக்கு அடி பட்டிருக்கா?"

"நேரா போறேன்னு சொல்றேன்ல."

"பதட்டப்படாதீங்க சார். தலை சுத்துதா? இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

"அதைத் தெரிஞ்சுகிட்டு நீ என்னம்மா பண்ணப்போற?"

"செவ்வாய்க்கிழமை, மேடம்" என்று மௌனம் முந்திக்கொண்டான். "ஆனா அண்ணனுக்கு அது ஞாபகம் இருக்கான்னு தெரியலை."

அவன் அப்படிச் சொன்னதுதான் தாமதம், நான் எங்கே நிற்கிறேன் என்பதை வண்டியே அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கிறது, இரண்டு பேர் தள்ளிவிட இறங்கி வந்துவிட்டார்கள், ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. வெள்ளைச்சட்டை போட்ட ஒருவர் என் கண் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். போக்குவரத்துக் காவலர் வந்து, "நேரா போறதுக்கு எதுக்கு சார் விளக்கு?" என்று கேட்டார். "இடது பக்கம் போறவனுக்கு விளக்கு இருக்கு, வலது பக்கம் போறவனுக்கு விளக்கு இருக்கு. நேரா போறவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்?" என்று கேட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பதில் இல்லாதவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நேரத்துக்குள் வண்டி உங்களுக்கும் தகவல் அனுப்பி, அந்தப் பெண்மணியும் உங்களைக் கூப்பிட்டுக் கதை சொல்லி, நான் வீடு வந்து சேருவதற்குள் என் மகள் போனில் அழுது முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உங்கள் டிரைவர் யோசனை.

மாப்பிள்ளை, ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் யார் மேலாவது வண்டியை ஏற்றினேனா? ஒரு நாய்க்குட்டியையாவது உரசியிருக்கிறேனா? கத்தினது வண்டி, பொய் சொன்னது வண்டி, ஆளைக் கூட்டினது வண்டி, கெட்ட பெயர் மட்டும் எனக்கு. ஓட்டுகிறவனை நம்பாத வண்டியை நான் ஏன் நம்ப வேண்டும்? காலையில் எழுந்து, கண்ணாடியைச் சரித்து நிறுத்திக் கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடையை விட்டுக் கிளம்புகிற அந்த நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இன்னும் கடையே நடத்துகிறேன். அதைப் பிடுங்கிவிட்டு வேறு என்ன வசதி செய்து கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். சாப்பாடு இங்கேதான், அத்தை இப்போதே என்ன சமைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகளிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள், கொஞ்சம் இருக்கிறது, அது சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். குழந்தையின் கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளு. நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீங்கள் வாங்கிக் கொடுத்த வண்டியைத் தவிர.

இப்படிக்கு,
தன் வண்டியைத் தானே ஓட்டும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலைப் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பி, கொட்டகையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். எப்போதும்போல இரண்டு பக்கமும் பார்த்தேன், கழுத்தைத் திருப்பியும் பார்த்தேன். யாருமில்லை. இது திடீரென்று உள்ளுக்குள் வீறிட்டுக் கத்தி, நான் பிரேக்கைத் தொடாமலே தானாக நின்றுவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, உதைக்கலாம் என்றே இறங்கிப் பின்னால் போனேன். அங்கே உங்கள் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்டியிலிருந்து உதிர்ந்து முற்றத்தில் சிதறியிருந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் டயரில் குத்திவிடக் கூடாதென்று தினமும் பொறுக்குவாளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வண்டிக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு முறத்தை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். நிமிர்ந்து பார்த்து, "என்ன, இறங்கிட்டீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லை, சும்மாத்தான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம், மகளுக்கும் சொல்ல வேண்டாம்.

வண்டி இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த டிரைவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தபால் பெட்டிக்கு நான் நடந்தே போகிறேன்.