காலண்டரில் போட்ட டிக்

மூன்றாம் நாளும் லிப்ட் மெக்கானிக்குக்குக் குளிர்ஜுரம் விடவில்லை. இரண்டு போர்வைக்குள்ளும் பல் தந்தியடித்தது.

"ஏங்க, மலேரியா மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்கதானே?" என்றாள் மனைவி.

"காலண்டரைப் பாரு. வாரம் ஒரு டிக்."

காட்டோரத்துப் புதுக் கட்டடத்தில் லிப்ட் மாட்டப் போனவர் அவர். போகுமுன் தொடங்கி, திரும்பி வந்து நாலு வாரம் வரை பதினாலு மாத்திரை. நாலோடு நிறுத்திவிட்டார். டிக் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவர் பொய்க்குத் தேதியே இருந்தது.

"அப்ப காலி அட்டையையும் எடுங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

அவளுக்குத் தெரியாமல் மிச்சம் பத்தையும் பிதுக்கி, டூல் பாக்ஸில் வாஷர்களோடு போட்டுவிட்டு, காலி அட்டையை நீட்டினார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மனைவி பெருமையாக நீட்டிய காலண்டரையும் பார்த்தார். முகம் இருண்டது.

"மலேரியாதான். பதினாலும் முழுங்கியும் வந்திருக்குன்னா, மருந்து வேலை செய்யல. இனிமே அங்க போற யாருக்கும் இதைக் குடுக்கக் கூடாது." மேஜைத் தொலைபேசியை எடுத்தார். "ஹலோ, சுகாதார அலுவலகமா?"

மனைவி பதறிப்போனாள். "ஐயோ, என் தம்பி நாளைக்கு அதே வேலைக்குக் கிளம்புறானே! இதே மாத்திரைதான் வெச்சிருக்கான். தூக்கிப் போடச் சொல்லிடுறேன்."

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே மெக்கானிக்தான். போர்வை இல்லாமலே அவருக்கு வியர்த்தது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் மைத்துனன் வெறுங்கையோடு கொசுவிடம் போவான்.

"வேண்டாம் டாக்டர், போனை வையுங்க! மாத்திரை மேல தப்பில்ல. நான்தான் முழுங்கல. பத்தும் டூல் பாக்ஸ்ல கிடக்கு." மனைவி பக்கம் திரும்பினார். "உன் தம்பியை ஒண்ணு விடாம போடச் சொல்லும்மா."

அவள் காலண்டரை நிதானமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஜுரமே தேவலை என்றிருந்தது அவருக்கு.

டாக்டர் ரிசீவரை வைத்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

ஊசியோடு வந்த நர்ஸ் மெக்கானிக்கின் கையைத் துடைத்தபடி சொன்னாள்: "அந்தப் போனுக்கு லைனே கிடையாது சார், இந்த வருஷம் அதைப் பார்த்து உண்மையைச் சொன்ன பதினேழாவது ஆள் நீங்க."