ஜெர்மனிக்குப் போன கோரிக்கை மனு

அன்புள்ள மச்சான் பகலவனுக்கு,

எர்ணாவூரிலிருந்து உன் அக்கா புருசன் நீலமேகம் எழுதுவது. ஜெய்பீம். நானும் உன் அக்கா ரமாபாயும் மகள் மகிழினியும் சுகம்; மெல்போர்னில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசலாமே என்பாய். இருபது வருசம் மணலியில் யூனியன் செயலாளராக இருந்தவன் நான். பேச்சுக்கு ரெக்கார்டு கிடையாது. அசல் பதிவுத் தபாலில் வரும், நகலை கம்ப்யூட்டர் சென்டர் ரிஃபானா இன்றே வாட்ஸப்பில் அனுப்புவாள்.

மகிழினி டாக்டர் பட்டம் வாங்கி ஆறு வருசமாக அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் கெமிஸ்ட்ரி நடத்துவது உனக்குத் தெரியும். மாதம் இருபத்தைந்தாயிரம், மே மாசம் அதுவும் கிடையாது. பக்கத்து ரூமில் அதே பாடம் நடத்தும் நிரந்தரப் பேராசிரியருக்கு லட்சத்துக்கு மேல். என்றைக்காவது பர்மனென்ட் ஆகும் என்று நான் காத்துக்கொண்டிருக்க, ஜெர்மனியில் ஒரு யுனிவர்சிட்டி ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது. சம்பளத்தைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. எத்தனை வருசத்துக்கு என்றேன். ரெண்டு என்றாள். அப்புறம்? "அப்பால பாத்துக்கலாம் நைனா" என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. சம்பள ஒப்பந்தம் பேசப் போகும்போது மற்ற கம்பெனிகளின் நிலவரத்தைத் தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதேபோல நாடுகளை எழுதினேன். அமெரிக்காவில் ஆறேழு வருசம் சோதித்துப் பார்த்து, பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டு. ஜெர்மனியில் பேராசிரியர் பதவி கிடைக்கிறவரை ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். ஆஸ்திரேலியா கட்டத்தில் அங்கே பாடம் நடத்தும் உன்னைத்தான் எழுதினேன்: மணிக்கணக்கில் கூலி, காலேஜுக்கு லீவு விட்டால் கூலிக்கும் லீவு. இவ்வளவு படித்தவர்கள் இப்படியா ஏமாறுவது என்று ஒரே பேஜாராகிவிட்டது.

ஆகவே மகிழினிக்குச் சொல்லாமல் பதினான்கு அம்சக் கோரிக்கை மனு தயாரித்தேன். வேலை நிரந்தரம், தீபாவளி போனஸ், ஏப்ரல் பதினாலு சம்பளத்தோடு லீவு, வருசத்துக்கு ரெண்டு செட் யூனிபார்ம், மாதம் நாலு சோப்பு, பணியில் ஏதாவது ஆனால் வாரிசுக்கு வேலை. ரிஃபானா இங்கிலீஷில் அடித்து, மகிழினியைக் கூப்பிட்ட ப்ரொபசர் அம்மாவுக்கே மெயில் அனுப்பினாள். அடிக்கும்போதே "அங்கிள், சோப்பு வேணாமே" என்று கெஞ்சினாள். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டாமா என்று கேட்டேன்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. மனு ரொம்ப நியாயமாம். ஆனால் அந்த அம்மாவின் ஒப்பந்தமே மூன்று வருசத்தில் முடிகிறதாம். முதல் கோரிக்கையில் தன் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். வேலை கொடுக்கிறவரே காண்ட்ராக்ட் என்றால் நான் யாரை எதிர்த்து கேட் மீட்டிங் போடுவது? அந்தப் பதிலின் நகல் மகிழினிக்கும் போய்ச் சேர்ந்து, "இன்னா நைனா, ஜெர்மனி வரிக்கும் என் மானத்த வாங்கிகினு கீறியே!" என்று கத்தியவள்தான், மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

எனவே நீ உடனே போன் போட்டு, அங்கே போனால் உன் கதிதான் என்றும், இங்கேயே இருந்தால் ஒருநாள் நிரந்தரமாகும் என்றும் தாய்மாமன் முறையில் கண்டித்துச் சொல்ல வேண்டியது. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அதற்கு அவர்கள் காசு பிடிக்க மாட்டார்கள்.

என்றும் உன் நலம் நாடும்,
நீலமேகம்
(முன்னாள் செயலாளர்)

பி.கு.: உறை ஒட்டும் முன் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "நீ மணலில கேஷுவலா எத்தினி வருசம் இருந்த?" என்றாள். பதினொரு வருசம் என்றேன். "என்னக் கட்டிக்கினது?" மூணாவது வருசம். "நாளைக்கு வேல கீதா இல்லியான்னே தெரியாதவனுக்கு எங்க நைனா பொண்ணக் குடுத்தாரு. நீ பெத்த பொண்ண ஒரு பிளேன் ஏத்தி வுட மாட்டியா?" என்றாள். ஆகவே மேலே கண்ட கோரிக்கை முழுவதும் வாபஸ். நீ போன் போட வேண்டாம். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகிழினி ஒப்பந்தத் தாளோடு வந்து, "நைனா, பேனா குடு" என்றாள். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு. மூடியைக் கழற்றியே கொடுத்துவிட்டேன்.