காகத்துக்கு ஊதிய குழல்

அரசியல் பற்றி அபிப்பிராயமே இல்லாத ஒரு தமிழரைக்கூட ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். ரக்கூன் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டியோடு வந்து, மனிதக் கை போன்ற கையால் எங்கள் குப்பைத் தொட்டிகளைத் திறந்து சாப்பிடும் அந்தப் பிராணிக்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார் ஒருவர். கூரைக்கடியில் தமிழ் வானொலியைப் போட்டுவிட்டால் விளம்பரம் தாங்காமல் ஓடிவிடும் என்பார் இன்னொருவர். (அவர் வீட்டு ரக்கூன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நகைக்கடை விளம்பரமெல்லாம் அதற்கு இப்போது மனப்பாடம்.) இவர்கள் எல்லாரும் என்னைவிடப் புத்திசாலிகள். இவர்களில் ஒருவர்கூட ரக்கூன் வேட்டை பழகப் போகவில்லை. நான் போனேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமனார். மோர்னிங்சைடில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில் அவரை முதன்முதலாகச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். முதல்நாள் மீன் வெட்டிய கழிவைப் பச்சைத் தொட்டியில் போட்ட நான், அதன் மூடியைச் சரியாகப் பூட்டவில்லை. இரவோடிரவாக ரக்கூன் வந்து தொட்டியைச் சரித்து, வேண்டியதைத் தின்று, வேண்டாததை வாசல் முழுக்கப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. விருந்தாளி வரும் நாளில் வாசலை ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமா விட்பியிலிருந்து வந்து, மினுக்கிய சப்பாத்தோடு காரைவிட்டு இறங்கி, நேராக மீன் குடலில் கால் வைத்தார். காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மருமகன், உமக்கு ஒரு வாளி பூட்டத் தெரியாதோ?"

வந்த காரிலேயே திரும்பிப் போனவர்தான், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் மரியாதையாக ஒரு காரணம் வைத்திருந்தார். மாரியில் ஸ்னோ, கோடையில் வெயில், இரண்டும் இல்லாத காலத்தில் முழங்கால். அதே முழங்காலோடு மொன்றியலில் நடந்த கலியாணத்துக்குப் போய் வந்தார். என் மனைவி சுபா இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தகப்பன் தன் வீட்டில் இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லையே என்ற கவலை அவளுக்குள் கிடந்தது. பச்சைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துச் செல்லும்போது மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

போன வருடம் ஆனி மாதம் மாமா காலமானார். இந்த வருடம் முதலாவது திவசத்தை, அவரும் மாமியும் இருந்த விட்பி வீட்டில், அதாவது சுபாவின் தம்பி ரகுவின் வீட்டில் செய்வதாகத்தான் ஏற்பாடு. ரகுவோ குசினியைப் புதுப்பிக்கிறேன் என்று தொடங்கி, இடித்துப்போட்ட ஆள் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்காமல் விட, பாத்றூமில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். (ரகுவுக்கு இந்த நாட்டில் எல்லாம் தெரியும். அந்த ஆளின் விலாசம் மட்டும் தெரியாது.) ஆகவே திவசம் எங்கள் வீட்டுக்கு மாறியது. அந்த நேரம் பார்த்து ஒரு ரக்கூன் கூரையின் மூலையைக் கிழித்துக்கொண்டு எங்கள் சீலிங்குக்கு மேலே குடிவந்திருந்தது.

"அப்பா இஞ்சை வராமல் விட்டதுக்கு உதுதான் காரணம்," என்றாள் சுபா, மேலே கையைக் காட்டி. "அவரின்ரை திவசத்துக்காவது உது இந்த வீட்டிலை இருக்கக்கூடாது. செய்வியளோ?"

"ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்."

இந்த வசனத்தைச் சொல்லி நான் ஏற்ற எந்தக் காரியமும் அதுவரை உருப்பட்டதில்லை. இதற்கென்றே தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ரகுவும் அதைத்தான் செய்யச் சொன்னான். அதனால் நான் செய்யவில்லை.

நான் வேலை செய்யும் வெயர்ஹவுசில் வெய்ன் என்று ஒருவன். லைசென்ஸ், துவக்கு, நாய் எல்லாம் வைத்துக்கொண்டு டுராம் பக்கத்துப் பண்ணைகளில் ரக்கூன் வேட்டைக்குப் போகிறவன். ரக்கூனைத் துரத்திப் பிடிப்பவன் மடையன், கூப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினான். அதற்கென்று கைக்கடக்கமான மரக்குழல் ஒன்று உண்டு. குட்டி அழுவதுபோல ஊதினால் தாய் வரும். சண்டை பிடிப்பதுபோல ஊதினால் ஆண் வரும். கேட்கக் கேட்க எனக்குள் ஒரு வேட்டைக்காரன் எழும்பினான். அவன் அதுவரை எங்கே படுத்திருந்தான் என்று தெரியவில்லை.

ஹைஸ்கூலில் படிக்கும் எங்கள் மகள் அபி, ரொறொன்ரோவுக்குள் ரக்கூனை வேட்டையாடுவது சட்டவிரோதம் என்று போனில் தேடி வாசித்துக் காட்டினாள். நான் சுடப்போவதில்லை, கூப்பிட மட்டும்தான் போகிறேன் என்றேன். திட்டம் மிக எளிமையானது. பின்வளவில் நின்று குழல் ஊதுவது. குட்டியின் குரல் என்று நம்பி ரக்கூன் கூரையைவிட்டு இறங்கும். அது இறங்கியதும் ஓட்டையைக் கம்பிவலையால் அடைப்பது. ஏணியில் ஏற எனக்குப் பயம் என்பதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

குழலோடு, காட்டில் மறைந்து நிற்பதற்கென்று இலைகுழை அச்சடித்த ஜக்கெற் ஒன்றும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற நாட்களில் மோர்னிங்சைடில் என்னைக் காணாதவர்கள் எவரும் இல்லை.

முதல் பாடத்துக்கு ஒரு பின்னேரம் வெய்ன் என்னைச் சோளக்காட்டு ஓரம் ஒன்றுக்குக் கூட்டிப் போனான். நான் ஊதினேன். வேலிக்கு அப்பால் ஒரு மாடு வந்து என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வெய்னின் நாய் எழுந்து ட்ரக்குக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. "உன்னுடைய குட்டி அழவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது," என்றான் வெய்ன். வீட்டில் போய்ப் பழகு என்று அனுப்பிவைத்தான்.

பழகினேன். வேலையால் வந்தவுடன் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பின்வளவில் நின்று ஊதுவேன். ரக்கூன் வரவில்லை. காகம் வந்தது. முதல்நாள் வேலியில் ஒன்று, அடுத்த நாள் மேப்பிள் மரம் நிறைய. ஏதோ சாகிறது, சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வந்திருந்த ரகு, பின்கதவோடு ஒட்டிய டெக் என்கிற மரத்தளத்தில் கதிரை போட்டு இருந்து இதை ஆறுதலாகப் பார்த்தான்.

"அத்தான், உது ரக்கூன் குழல் இல்லை. கடைக்காரன் உங்கடை முகத்தைப் பாத்திட்டு காகக் குழலைத் தந்துவிட்டிருக்கிறான்."

விட்பிக்குத் திரும்பும் வழியிலேயே சொந்தக்காரர் எல்லாருக்கும் அழைத்துச் சொல்லி முடித்துவிட்டான். வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் சுபாவின் சித்தி, தன் வீட்டுச் சனி விரதத்துக்குக் காகம் வருகுதில்லை, மருமகனை ஒருக்கால் அனுப்ப ஏலுமோ என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்டாரா உண்மையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் திவசத்துக்கு ஒரு கிழமைக்கு முன் சீலிங்குக்கு மேலே சத்தம் நின்றுபோனது. ஓட்டமில்லை, உருட்டலில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குப் போனேன். "ஊதிக் கலைச்சுப்போட்டன்," என்றேன். சுபா என்னை உண்மையான மரியாதையோடு பார்த்தாள். எங்கள் கலியாண வீடியோவில்கூட அப்படி ஒரு பார்வை கிடையாது. அந்த ஒரு கிழமை நான் நல்ல சந்தோசமாக இருந்தேன். ரக்கூன் ஏன் போனது, எங்கே போனது என்று யோசிப்பவன் வேட்டைக்காரன். நான் ஜக்கெற் வாங்கியவன், அவ்வளவுதான்.

திவசத்தன்று ஐயர் வந்து கிரியைகளை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். மாமி, சுபா, ரகு, அபி, நான் ஐந்து பேரும்தான் மிச்சம். வாழையிலையில் சோறும் கறிகளும் பாயாசமும் படைத்து, பருப்பு வடை வைத்து டெக்கில் கொண்டுபோய் வைத்தோம். இலைக்குப் பக்கத்தில் மாமி ஒரு கோப்பை தேத்தண்ணியும் வைத்தார். மாமா வடையைத் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிடுவார். பொய்ப்பல் கட்டியபின் வந்த பழக்கம். வேறு எவரும் அப்படிச் சாப்பிட்டு நான் கண்டதில்லை.

இனிக் காகம் வர வேண்டும். இறந்தவர் காகமாக வந்து இலையில் வாய் வைத்தபிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ரகு டெக்கில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டான். ஒன்றும் வரவில்லை. நாள்தோறும் என் குழலுக்கு வந்து மரத்தை நிறைத்த காகங்களில் ஒன்றுகூட அன்று இல்லை. நேரம் போனது. சோறு ஆறியது, தேத்தண்ணி ஆடை கட்டியது. மாமி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம். குளிசைப் போத்தல் திறக்காமல் மடியில் கிடந்தது.

"அம்மா, கொஞ்சமாவது சாப்பிடுங்கோ," என்றாள் சுபா. "குளிசை போடோணுமெல்லோ."

"அவர் சாப்பிடாமல் எனக்கு என்னத்துக்குச் சாப்பாடு?"

"காகம் வேறை எங்கையாவது போயிருக்கும். அதுக்காக..."

"காகத்தைச் சொல்லாதை பிள்ளை," என்றார் மாமி மெதுவாக. "உயிரோட இருக்கேக்கையே இந்த வீட்டுக்கு வராத மனிசன். இப்ப வருவாரோ?"

சுபா உள்ளே போனாள். குசினிப் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாளி மூடியைப் பூட்டாததற்கு இவ்வளவு காலம் தண்டனையா என்றும் இருந்தது.

ரகு என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் பகிடி இல்லை. "அத்தான், உங்கடை குழலை எடுங்கோ. உங்களுக்கு எப்பவும் காகம்தானே வரும்."

கலியாணமாகி இத்தனை வருடத்தில் ரகு என்னிடம் ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்க் குழலை எடுத்தேன். வேட்டிக்கு மேலே ஜக்கெற்றையும் மாட்டிக்கொண்டேன். (வேட்டைக்காரன் எதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது.) கண்ணை மூடி மாமாவை நினைத்துக்கொண்டேன். மாமா, ஒருக்கால் வாருங்கோ, மாமி பசியோடு இருக்கிறா என்று உண்மையாகவே கேட்டேன். கேட்டுவிட்டு ஊதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு திறமாக நான் ஊதியதில்லை. குட்டி செத்துக்கொண்டிருக்கவில்லை, நன்றாக உயிரோடு அழுதது.

டெக்குக்கு அடியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

படியில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு கறுப்புப் பட்டி கட்டிய முகம். பட்டப்பகலில், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி ஒரு பெரிய ரக்கூன் வந்தது. பின்னால் வரிசையாக அதன் குட்டிகள். நான் கலைத்ததாகச் சொன்ன ரக்கூன், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூரையிலிருந்து எங்கள் காலுக்கடியில் வீடு மாறியிருந்திருக்கிறது.

"அப்பா," என்றாள் அபி கண்ணாடிக் கதவடியில் நின்று. "தற் இஸ் நொட் எ க்ரோ."

ரக்கூன் இலைக்கு முன்னால் சம்மணம் கொட்டியதுபோல இருந்தது. சோற்றைத் தொடவில்லை. கறிகளை மணந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது. இரண்டு கையாலும் ஒரு வடையை எடுத்தது. அதை ஆறிப்போன தேத்தண்ணிக்குள் விட்டு, நன்றாகத் தோய்த்து, திருப்பித் தோய்த்து, பிறகு வாயில் வைத்தது.

எனக்குத்தான் முதலில் அறிவு வந்தது, அல்லது போனது. மூலையிலிருந்த தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"தம்பி, அதைக் கீழை போடுங்கோ," என்றார் மாமி. குரலில் நடுக்கம் இல்லை. "சாப்பிடுற மனிசனை எழுப்பக்கூடாது."

போட்டேன். மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வடையும் தேத்தண்ணிக்குள் போனபோது சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிடிபடவில்லை, இரண்டும்தான் என்று பிறகு சுபா சொன்னாள். அவளும் உள்ளேயிருந்து வந்து அதே மாதிரித்தான் நின்றாள். கொஞ்சநேரத்தில் மாமி எழுந்து குசினிக்குப் போய், தானே சோறு போட்டு, குளிசையும் போட்டுக்கொண்டார். மறுசோறும் கேட்டார். ரகு மட்டும் கடைசிவரை, "அம்மா, உது பொம்பிளை ரக்கூன், குட்டியளைப் பாருங்கோ" என்று விளக்கப் பார்த்தான். மாமி அதைக் காதில் வாங்கவில்லை.

அன்றோடு என் வேட்டை முடிந்தது. டெக்குக்கு அடியில் இருப்பவரை இப்போது எங்கள் வீட்டில் எவரும் ரக்கூன் என்று சொல்வதில்லை. கூரை ஓட்டையை அடைக்க வந்த ஆள் டெக்கையும் அடைக்கவா என்று கேட்டபோது மாமி அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கலியாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்குகிறார்கள். "மாமனாரை ஊதிக் கூப்பிட்ட ஆள் நீங்கள்தானோ?" விட்பியிலிருந்து ரகு எடுத்தால் சுகம் விசாரிக்க முதல், "அப்பா நிக்கிறாரோ?" என்கிறான். அவனுடைய குசினி இன்னும் முடியவில்லை. மாமி எங்களோடேயே தங்கிவிட்டார். ஜக்கெற்றைக் கேட்டு வாங்கி, பின்வளவில் வெங்காயத்தாள் பிடுங்கப் போகும்போது போட்டுக்கொள்கிறார்.

பச்சைத் தொட்டியை இப்போது நான்தான் தெருவுக்கு இழுத்துச் செல்கிறேன். மூடியைப் பூட்டக்கூடாது என்பது மாமியின் உத்தரவு. பூட்டினால் மாமாவுக்குக் கோபம் வருமாம்.

வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் மாமி இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. முடிக்கும்போது என்னைக் காட்டி எப்போதும் ஒரே மாதிரித்தான் முடிப்பார்.

"தம்பி பாவம். அவர் உயிரோட இருந்த காலத்திலை எத்தினை தரம் கூப்பிட்டது. மனிசன் வரேல்லை. என்னெண்டு கூப்பிடுறதெண்டு அப்ப தம்பிக்குத் தெரியேல்லை."