டார்ச் பிடிக்கிற வேலை

வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினால் அந்த டிக்கும் இல்லை.

மணி இரண்டு. வேனுக்குள் நாற்பதடி அகலத்துச் சிவப்பு வெல்வெட் திரை சுருட்டிக் கிடந்தது. நாலு மணிக்கெல்லாம் அது பள்ளிக்கூட மேடையில் தொங்கியாக வேண்டும். ஆறு மணிக்கு நாடகம். பள்ளிக்கூடம் ஒன்றரை மணி நேர ஓட்டம். மேடைத் திரை தைப்பது மனைவியின் தொழில். இதற்காக நாற்பது நாள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. சொன்ன நேரத்துக்குத் திரை தராமல் இருந்த சரித்திரமே அவளுக்குக் கிடையாது.

புருஷன் வயர்மேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. வாய் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது.

திரையைக் கொண்டுபோகிற வழியில் ஏரிக்கரையில் ஒரு நாள் தங்கலாம், சைக்கிள் விடலாம் என்றது அவர்தான். முட்டிவலிக்காரர். அதனால் இரண்டு பேருக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள். காலையில் ஏரியை இரண்டு சுற்று சுற்றினார்கள். சார்ஜ் தீர்ந்தது. பக்கத்து வேனில் தங்கியிருந்த தொப்பிக்காரர் நல்ல மனுஷன். அதோ கம்பத்தில் பிளக் இருக்கிறது, சொருகிக்கொள்ளுங்கள் என்றார்.

வயர்மேனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊருக்கே கரண்ட் இழுத்துக் கொடுத்தவன் சார் நான். கம்பத்துக்கிட்ட போய்க் கையேந்தவா? வேனுக்குள்ளயே பவர் ஹவுஸ் வச்சிருக்கேன்."

பவர் ஹவுஸ் என்பது ஒரு இன்வெர்ட்டர். வேன் பேட்டரியில் மாட்டினால் வீட்டுக் கரண்ட் மாதிரி கொடுக்கும். இரண்டு சைக்கிளையும் அதில் மாட்டினார். தொப்பிக்காரருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

மனைவி ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். வண்டி ஓடும்போது மாட்டினால் என்ன, நிற்கிற வண்டியில் உறிஞ்சினால் கிளப்புகிறதற்கு மிச்சம் இருக்குமா என்று.

"கரண்ட் என் டிபார்ட்மென்ட். துணி உன் டிபார்ட்மென்ட்."

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் சட்டம். வீட்டில் எது பழுதானாலும் அவர் ஸ்டூலில் ஏறுவார். அவள் கீழே நின்று டார்ச் பிடிப்பாள். வெளிச்சம் ஒரு விரல்கடை நகர்ந்தால் வசவு.

அவள் பாத்திரம் கழுவப் போனாள். அவர் படுத்தார். கண் சொருகுகிற நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்கீச் என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி காலியாகிறது, எடு எடு என்று அது அலறுகிறது. இது தெரியாதவரா? தெரியும். ஆனால் தூக்கத்துக்கு முன்னால் எந்தப் படிப்பு நிற்கும்? வேலை செய்கிற மிஷின் சத்தம் போடத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கைக்கு எட்டியது வெட்டி மிஞ்சிய வெல்வெட் துண்டு. அதை இன்வெர்ட்டர் மேல் ரெண்டு சுற்று சுற்றினார். ஒரு மண்டபத்தின் இரைச்சலையே விழுங்குகிற துணி அது. இன்வெர்ட்டர் வாயடைத்துப் போனது. அவர் குறட்டை விட்டார்.

இரண்டு மணிக்கு வேன் பிணம். சைக்கிள்கள் இரண்டும் விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றன.

மனைவி திட்டவில்லை. அதுதான் அவரை அறுத்தது. தொப்பிக்காரர் வண்டி பேட்டரியிலிருந்து நம் பேட்டரிக்கு வயர் போட்டால் நிமிஷத்தில் கிளம்பிவிடும் என்று மட்டும் சொன்னாள்.

"உயிரே போனாலும் அந்தாள்கிட்ட கேக்க மாட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சரிங்க. டவுன்ல மெக்கானிக் இருப்பார். உங்க சைக்கிள்தான் ஃபுல்லா இருக்கே, போய்க் கூட்டிட்டு வாங்க. தொப்பிக்காரருக்குத் தெரிய வேண்டாம்."

இவளல்லவோ மனைவி என்று கிளம்பினார். தொப்பிக்காரரைத் தாண்டும்போது விசிலடித்தார். சும்மா ஒரு ரவுண்டு என்று கையாட்டினார்.

மெக்கானிக் கடை பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டு நேரம். திரும்பி வரும் வழியில் வயர்மேனுக்கு விசில் வரவில்லை. நாற்பது நாள் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவள் கட்டைவிரல்தான் கண்ணில் நின்றது. ரோஷமாவது மண்ணாவது, தொப்பிக்காரர் காலிலே விழுந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வேன் உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணின?"

"நீங்க போனப்புறம் ஒரு தடவை திருப்பிப் பாத்தேன். கிளம்பிடுச்சு."

அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. களைத்த பேட்டரிக்கு ஓய்வு கொடுத்தால் தானாகத் தெம்பு ஊறும் என்று வழி நெடுக விளக்கினார். அவள் ஊம் கொட்டினாள். தொப்பிக்காரர் காலில் விழ வேண்டியவர் தன் காலை முழுக்க ஆக்ஸிலேட்டரில் வைத்து மிதித்தார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். திரை ஏறியது. இழுத்துப் பார்த்தார்கள், தண்ணீர் மாதிரி நகர்ந்தது. அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

வயர்மேன் சும்மா இருப்பாரா? நாடக வாத்தியாரைப் பிடித்து இழுத்துவந்தார். ஓய்வெடுத்த பேட்டரியைக் காட்டுகிறேன் என்று பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு சிவப்பு வெல்வெட் நாடா. அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. எந்தப் பக்கம் எது என்று தப்பாமல் இருக்கத் தையல்காரர்கள் வைக்கிற அடையாளம்.

அவர் வாத்தியாரை விட்டுவிட்டு மனைவியிடம் போனார். குரல் இறங்கிவிட்டது.

"தொப்பிக்காரர்கிட்ட கேட்டியா?"

"வயர் மட்டும் வாங்கினேன்."

"சிரிச்சாரா?"

"இல்லீங்க. தன் வண்டியைப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தினார். நானே மாட்டித் தரேன்னார். வேண்டாம்னுட்டேன். வயர்மேன் வீட்டு வண்டியில வெளியாள் கை வைக்கலாமா?"

அவர் பானெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எதை எதுல மாட்டணும்னு உனக்கெப்படித் தெரியும்?"

"முப்பத்தி நாலு வருஷம் டார்ச் பிடிச்சேனே. கண்ணை மூடிட்டா பிடிச்சேன்?"

வாத்தியார் பின்னாலேயே வந்துவிட்டார். வண்டி ஜோராக ஓடுகிறதே, யார் சார் சரி பண்ணினது என்று கேட்டார்.

வயர்மேன் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தன் மனைவியைக் கை காட்டினார்.

"அவங்கதான். நான் சும்மா டார்ச் பிடிச்சேன்."

"அதுவும் இல்லை," என்றாள் அவள்.